எல்லைக் கோடும் குடிமக்கள் உரிமையும்: அலபாமா நகரங்கள் மூன்றன் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர், 1955-இல் மான்ட்கோமரி நகரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பையும், 1965-இல் செல்மா நகரில் நிகழ்ந்த நடைப்பயணத்தையும் விரித்துரைப்பர். அவை விரித்துரைக்கத் தக்கனவே. ஆயினும் அதே மாநிலத்தில் நகர மன்றங்களின் எல்லைகளையும் வட்டங்களையும் குறித்து அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்த வழக்காடல் ஒன்று உண்டு. தெருவில் நிகழ்ந்த போராட்டம் கண்ணைக் கவர்வது; நிலப்படத்தின்மேல் நிகழ்ந்த போராட்டமோ ஏட்டைப் புரட்டுவார்க்கன்றிப் புலப்படாதது. அதனாலேயே இதனை ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டோம்.

ஒருவனது வாக்கைப் பறிப்பதற்கு அவனை வாக்குச்சாவடியினின்று துரத்துதல் ஒரு வழி. வாக்கை அவன் கையிலேயே விட்டுவைத்து, அது எண்ணப்படும் இடத்தை மாற்றிவிடுதல் மற்றொரு வழி. முன்னது கொடுமை என்பதை எல்லாரும் உடனே அறிவர். பின்னது நிலஅளவை போலவும் நிருவாகச் சீர்திருத்தம் போலவும் தோன்றுவதால், கொடுமை என்று மெய்ப்பித்தற்கே பல ஆண்டுகள் ஆகின்றன. அலபாமாவின் டஸ்கீகி, மொபீல், கலீரா என்னும் மூன்று நகரங்களின் வரலாறும் இவ்வுண்மையை மூன்று வேறு வகையில் காட்டுகின்றன. நகர மன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் சிறு பகுதியை நம் ஊர்களில் 'வார்டு' என்றும் 'வட்டம்' என்றும் வழங்குகின்றோம். இக்கட்டுரையில் வட்டம் என்றே குறிப்போம்.

டஸ்கீகி சிறு நகரம். மேக்கன் மாவட்டத்தின் தலைநகர். 1881-இல் புக்கர் வாஷிங்டன் அங்கு நிறுவிய கல்விக்கழகத்தால் அதன் பெயர் உலகறிந்ததாயிற்று. 1923-இல் கறுப்பினப் போர்வீரர்களுக்கென ஒரு பெரிய மருத்துவமனையும் அங்கு அமைந்தது. ஆசிரியரும் மருத்துவரும் செவிலியருமாகக் கற்றறிந்த கறுப்பர் பலர் அந்நகரில் வாழ்ந்தனர். 1950-க்குப் பின் நகர மக்கள் ஏறத்தாழ 6,700 பேர். அவருள் ஏறத்தாழ 5,400 பேர் கறுப்பர். ஆனால் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்த கறுப்பர் 400 பேரே. பல்கலைப் பட்டம் பெற்றோர் நிறைந்த ஊரில் இவ்வெண்ணிக்கை வியப்பூட்டுவது. இதன் காரணம் கல்வியின்மை அன்று. பட்டியலில் பெயர் சேர்க்கும் அலுவலர்கள் பதவி விலகிவிட, அவ்விடங்கள் மாதக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்தன. அலுவலர் இல்லாதவிடத்துப் பெயர் சேர்ப்பார் யார்? அலுவலர் இருந்த காலத்தும் விண்ணப்பித்தோர் நாள் முழுதும் காத்திருந்து வெறுங்கையோடு மீண்டனர்.

இத்தடைகளையெல்லாம் கடந்து, பட்டியல் மெல்ல மெல்ல வளர்ந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர், கல்விக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராய் விளங்கிய சார்லஸ் கோமில்லியன். 1941-இல் உருவான டஸ்கீகிக் குடிமக்கள் சங்கம் அவர் தலைமையில் இயங்கிற்று. அவர் முழக்கமிடும் தலைவர் அல்லர். ஆண்டுக்கு ஆண்டு விண்ணப்பங்களைத் திரட்டிக் கணக்கெழுதி வைத்த அமைதியான மனிதர். அந்தக் கணக்கே பின்னர் நீதிமன்றத்திலும், 1958-இல் மான்ட்கோமரியில் கூடிய குடியுரிமைக் குழுவின் விசாரணையிலும் சான்றாயிற்று.

வெள்ளையர் தம் ஆட்சி சில ஆண்டுகளில் கைநழுவும் என்று அஞ்சினர். மேக்கன் மாவட்டத்தின் மாநில மேலவை உறுப்பினரான சாம் எங்கல்ஹார்ட் 1957-இல் ஒரு சட்டமுன்வரைவு கொணர்ந்தார். 140-ஆம் எண்ணுள்ள சட்டமாக அது நிறைவேறியது. அச்சட்டத்தைப் படிப்பவர் இனம் என்ற சொல்லை அதில் காணமாட்டார். நகரின் எல்லை எங்குத் தொடங்கி எவ்வழிச் சென்று எங்கு முடிகின்றது என்னும் விவரமே அதில் உள்ளது. அவ்விவரத்தை நிலப்படத்தில் வரைந்து பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதுவரை சதுரமாக இருந்த நகரம் 28 பக்கங்கள் கொண்ட கோணல் வடிவம் ஆயிற்று. கறுப்பர் வாழ்ந்த தெருக்களை ஒவ்வொன்றாய்த் தேடித் தேடி விலக்கிக்கொண்டு அக்கோடு சென்றது. 400 கறுப்பு வாக்காளருள் நால்வரோ ஐவரோ ஒழிய ஏனையோர் ஒரே நாளில் நகருக்கு வெளியே நின்றனர். வெள்ளையர் ஒருவரும் வெளியேற்றப்படவில்லை. உலகப் புகழ் பெற்ற கல்விக்கழகமும் டஸ்கீகி நகரின் எல்லைக்கு அப்பால் சென்றது! அவ்வாண்டே மேக்கன் மாவட்டத்தையே ஒழித்து அண்டை மாவட்டங்களோடு பிரித்துச் சேர்ப்பதற்கு இடந்தரும் அரசியற்சட்டத் திருத்தமும் மாநில வாக்காளரால் ஏற்கப்பட்டது. அது மட்டும் செயற்படுத்தப்படவில்லை.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற விரும்புகின்றோம். தமிழில் 'வரைதல்' என்பதற்குக் கோடு இழுத்தல், எழுதுதல், எல்லை வகுத்தல் என்னும் பொருள்களுடன் விலக்குதல் என்னும் பொருளும் உண்டு. இலக்கண நூலார் 'வரையார்' என்னும்போது உரையாசிரியர் 'நீக்கார்' என்று பொருள் கூறுதலை மாணவர் அறிவர். கோடு வரைதலும் ஒருவரை வரைந்து நீக்குதலும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தலை டஸ்கீகியின் நிலப்படத்தைக் காண்பார் எளிதில் உணர்வர்.

வெளியேற்றப்பட்டோர் கடைகளில் பொருள் வாங்குதலை நிறுத்தினர். நகரில் வாழத் தகாதவர் என்றால் நகரில் வாங்கவும் வேண்டா என்பது அவர் கொள்கை. கடைகள் பல மூடப்பட்டன. மாநில அரசு இப்புறக்கணிப்பைத் தடைசெய்ய வழக்குத் தொடுத்தும் வெற்றி பெறவில்லை. ஒருவர் தம் பணத்தை எங்குச் செலவிடுவது என்பது அவர் விருப்பம் என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

எல்லைச் சட்டத்தை எதிர்த்துக் கோமில்லியனும் பிறரும் தொடுத்த வழக்கில், நகரத்தலைவர் லைட்புட் முதலியோர் எதிர்வாதிகள். இளைஞரான வழக்கறிஞர் பிரெட் கிரே வாதாடினார். முதல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. மேல்முறையீட்டு மன்றமும் 1959-இல் அதனையே உறுதி செய்தது. நகரின் எல்லையை வகுத்தல் மாநிலத்தின் தனியுரிமை, அதில் நீதிமன்றம் தலையிடலாகாது என்பதே அவர்தம் கருத்து. அக்கருத்துக்கு வலுவான முன்தீர்ப்புகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று, தொகுதிப் பிரிவினை என்னும் அரசியல் முட்புதரில் நீதிமன்றம் புகலாகாது என்று 1946-இல் உச்ச நீதிமன்றத்து நீதிபதி பிராங்க்பர்ட்டர் எழுதியது. டஸ்கீகி வழக்கை விசாரித்தோருள் அவரும் ஒருவர். கிரே பெரியதொரு நிலப்படத்தை மன்றத்தில் நிறுத்தியிருந்தார். கல்விக்கழகம் எங்கே உள்ளது என்று பிராங்க்பர்ட்டர் வினவ, அது நகருக்கு வெளியே தள்ளப்பட்டதைக் கிரே படத்தில் காட்டினார். அந்த நொடியில் வழக்கு வெல்லப்பட்டது என்று கிரே பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

1960-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கோமில்லியன் பக்கம் தீர்ப்பளித்தனர். தீர்ப்பை எழுதியவர் பிராங்க்பர்ட்டரே. தம் பழைய கருத்தை அவர் கைவிட்டார் என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் வழக்கைத் தொகுதிப் பிரிவினை பற்றியதாகக் கொள்ளாமல், இனங்காரணமாக வாக்குரிமை பறிக்கப்படலாகாது என்னும் 1870-ஆம் ஆண்டின் பதினைந்தாம் திருத்தத்தை மீறியதாகக் கொண்டார். இப்பாகுபாட்டின் விளைவு சிறிதன்று. நகருக்கு வெளியே தள்ளப்பட்டவனுக்கு நீதி கிடைத்தது; நகருக்கு உள்ளேயே வைக்கப்பட்டு, வாக்கு வலுவிழக்கச் செய்யப்பட்டவனுக்கு என்ன நீதி என்பது விடையின்றி நின்றது. விட்டேக்கர் என்னும் நீதிபதி மட்டும், இது வாக்குரிமைப் பறிப்பு என்பதைவிடச் சட்டத்தின்முன் சமம் என்னும் பதினான்காம் திருத்தத்தை மீறியது என்பதே பொருந்தும் என்று தனியே எழுதினார். பிற்காலத்து வழக்குகளை நோக்குவார்க்கு அவர் கூற்றே தொலைநோக்குடையது என்பது விளங்கும்.

1961-இல் பழைய எல்லை மீண்டது. 1964-இல் நகர மன்றத்திற்குக் கறுப்பர் இருவர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். அப்போது கறுப்பு வாக்காளரே மிகுதியாயிருந்தும், மன்றம் முழுவதையும் கைப்பற்றக் கோமில்லியன் விரும்பவில்லை; இரு இனத்தாரும் கலந்திருக்கும் மன்றமே வேண்டும் என்றார். இளைஞர்கள் இதனைக் கோழைமை என்றனர். இப்பூசலை ராபர்ட் நாரெல் 1985-இல் வெளியிட்ட டஸ்கீகி வரலாற்றில் விரிவாகக் காணலாம். சிறுபான்மையராய் ஒடுக்கப்பட்டவர் பெரும்பான்மையரானதும் எதிர்ப்பக்கத்தார்க்கு இடம் விடுவதா என்ற வினா, பிற இடங்களில் ஏட்டில் மட்டும் எழுவது. அங்கே வாக்குச்சீட்டில் எழுந்தது.

டஸ்கீகியில் கோடு வளைக்கப்பட்டது. கடற்கரை நகரமான மொபீலிலோ கோடுகளே அழிக்கப்பட்டிருந்தன.

1911-இல் மொபீல் நகரம், வட்டந்தோறும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கைவிட்டு, மூன்று ஆணையர் ஆளும் முறையை மேற்கொண்டது. மூவரையும் நகர மக்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனியே வாக்களிப்பு. பாதிக்கு மேல் பெற்றவரே வெல்வர். பார்வைக்கு இதனினும் பொதுமையான முறை வேறில்லை. நூறு பேர் உள்ள ஊரில் 35 பேர் ஒரு சமூகத்தார், 65 பேர் மற்றொரு சமூகத்தார் எனக் கொள்வோம். அவரவர் தத்தம் சமூகத்தார்க்கே வாக்களிப்பராயின், முதல் இடத்தையும் 65 பேர் வெல்வர். இரண்டாம் இடத்தையும் அவரே வெல்வர். மூன்றாம் இடத்தையும் அவரே வெல்வர். மொபீலில் இதுவே நிகழ்ந்தது. 1970-இல் நகர மக்களுள் நூற்றுக்கு 35 பேர் கறுப்பர். ஆணையராகக் கறுப்பர் ஒருவர்கூட ஒருகாலத்தும் வந்ததில்லை.

இதற்கு எதிர்வாதம் இல்லாமலில்லை. அதனை எளிதில் தள்ளவும் இயலாது. ஆணையர் ஆட்சி முறை மொபீலார் வஞ்சகமாகக் கண்டுபிடித்ததன்று. 1900-இல் டெக்சாசு மாநிலத்துக் கால்வெஸ்டன் நகரம் கடும்புயலால் அழிந்தபின், அதனைச் சீரமைக்க 1901-இல் தோன்றிய முறை அது. வட்டத் தலைவர்களின் ஊழலை ஒழித்து நகரின் பொதுநலம் பேணும் சீர்திருத்தம் என்று நாடெங்கும் அது போற்றப்பட்டது. அன்றியும், அலபாமாவின் 1901-ஆம் ஆண்டு அரசியற்சட்டம் கறுப்பரின் வாக்கை முன்னரே பறித்துவிட்டிருந்தது. 1900-இல் வாக்களிக்கத் தகுதியுற்றிருந்த கறுப்பர் 1,80,000-க்கு மேற்பட்டோர். 1903-இல் பட்டியலில் எஞ்சியோர் 3,000-க்கும் குறைவு. வாக்கே இல்லாதவரின் வாக்கை வலுவிழக்கச் செய்ய 1911-இல் ஒருவர் முயல்வாரா? நகரின் வழக்கறிஞர் எழுப்பிய இவ்வினா வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது.

1970-க்குப் பின் தொடுக்கப்பட்ட வழக்கில், வைலி போல்டன் என்பார் முதல் வாதி. நீதிபதி பிட்மன் 1976-இல், மூவர் ஆணையத்தை நீக்கி ஒன்பது வட்டங்களையுடைய நகர மன்றம் அமைக்குமாறு ஆணையிட்டார். நகரம் மேல்முறையீடு செய்தது. 1980 ஏப்ரல் 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. அறுவர் ஒருபுறம், மூவர் மறுபுறம். ஒரு முறையின் விளைவு தீயது என்று காட்டினால் போதாது. தீய நோக்கத்துடனேயே அம்முறை அமைக்கப்பட்டது அல்லது பேணப்பட்டது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எழுபதாண்டுகளுக்குமுன் இறந்தோரின் உள்ளக்கிடக்கையை எவ்வாறு மெய்ப்பிப்பது? இங்கேதான் வரலாற்றுத் துறை நீதிமன்றத்துள் புகுந்தது. அந்நகரத்துத் தென் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த பெய்டன் மெக்ரேரி பழைய செய்தித்தாள்களையும் சட்டமன்ற ஏடுகளையும் தனியார் கடிதங்களையும் ஆராய்ந்து சான்றளித்தார். மீள்விசாரணையில் வெளிப்பட்டவற்றுள் தலையாயது 1909-இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். எழுதியவர் மொபீல் நகரத்து வழக்கறிஞரும் முன்னாள் கூட்டாட்சிப் பேரவை உறுப்பினருமான பிரெடரிக் பிராம்பெர்க். கல்லாதார் வாக்கை நீக்குவதே தம் நோக்கம் என்று தாம் எப்போதும் பொய்யாகப் பாசாங்கு செய்துவந்ததாகவும், உண்மையில் நீக்க முயன்றது கல்லாதார் வாக்கையன்று, கறுப்பர் வாக்கையே என்றும் அவர் அதில் வெளிப்படையாக எழுதியிருந்தார். வாக்குப் பறிக்கப்பட்ட பின்னும் தலைவர்களின் எண்ணம் எங்கே இருந்தது என்பதனை இதனால் அறியலாம். 1982 ஏப்ரலில் பிட்மன் நோக்கமும் மெய்ப்பிக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தார்.

ஓர் ஏட்டின் ஒரு வரி ஒரு நூலின் காலத்தையே மாற்றிவிடுதலைக் கண்டு பழகிய நமக்கு இக்கடிதத்தின் வரலாறு மகிழ்ச்சி தருவதே. ஆயினும் இவ்வெற்றியைக் கண்டு நோக்கத்தை ஆராயும் முறையே சிறந்தது என்று முடிவு செய்தல் பிழையாகும். பிராம்பெர்க் அக்கடிதத்தை எழுதாமல் வாயால் சொல்லியிருந்தால்? எழுதியும் அது செல்லரித்துப் போயிருந்தால்? மொபீல் மக்களின் உரிமை ஒரு தாளின் ஆயுளையா சார்ந்து நிற்பது? மேலும், சட்டம் இயற்றுவோர் பலர். அவர்தம் நோக்கங்களும் பல. சீர்திருத்த ஆர்வமும் இனவெறுப்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும். வரலாற்றாசிரியன் இக்கலப்பை விளக்குவான். நீதிமன்றமோ ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றைக் கேட்கும். மெக்ரேரி தாமே இவ்விடர்ப்பாட்டை 1984-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் ஆராய்ந்துள்ளார்.

பேரவை இக்குறையை விரைவில் உணர்ந்தது. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு 1982-இல் திருத்தப்பட்டது. ஜூன் 29-ஆம் நாள் குடியரசுத்தலைவர் ரீகன் ஒப்பமிட்டார். நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டா, விளைவைக் காட்டினால் போதும் என்பது திருத்தத்தின் கருத்து. மக்கள்தொகை அளவுக்கேற்ப இடங்களைப் பெறும் உரிமை இதனால் எவர்க்கும் வந்துவிடாது என்றும் அதிலேயே எழுதினர். இவ்வாறு ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் அளந்து பார்க்கும் சட்டவாசகங்கள் உடன்பாட்டால் பிறப்பவை; அவற்றில் முரண்பாடு காண்பது எளிது, வேறு வகையில் எழுதியிருந்தால் நிறைவேறியிருக்குமா என்பது ஐயமே.

1985-இல் மொபீல் மக்கள் ஏழு வட்டங்களையுடைய நகர மன்றத்தை ஏற்றனர். அவ்வாண்டுத் தேர்தலில் மூன்று கறுப்பர் உறுப்பினராயினர். மாநிலத்தின் ஏனைய ஊர்களிலும் டில்லார்டு வழக்கு என வழங்கும் பெருவழக்கின் பயனாக, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நகர, மாவட்ட அமைப்புகள் தம் தேர்தல் முறையை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

வட்டங்களாகப் பிரித்தலே எல்லா நோய்க்கும் மருந்து என்று கொள்ளுதற்கில்லை. ஒரு சமூகத்தார்க்கென வட்டம் வரைய வேண்டுமானால், அவர்கள் ஓரிடத்தில் செறிந்து வாழ வேண்டும். 1986-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிபந்தனைகளுள் இதுவே முதலாவது. அமெரிக்க நகரங்களில் கறுப்பர் ஓரிடத்தில் செறிந்து வாழ்வது பெரும்பாலும் அவர் விருப்பத்தால் அன்று. பிறவிடங்களில் வீடு கிடைக்காமையால். ஆகவே ஓர் அநீதியின் அடையாளமே மற்றோர் அநீதிக்குத் தீர்வாகின்றது. பரந்து கலந்து வாழ்வோர்க்கு அத்தீர்வும் இல்லை. சில்ட்டன் மாவட்டம் இதற்கு வேறு வழி கண்டது. அங்குக் கறுப்பர் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். 1988-இல் ஏழு இடங்களுக்கு ஒவ்வொரு வாக்காளர்க்கும் ஏழு வாக்குகள் தந்து, அவற்றைப் பிரித்தோ ஒருவர்க்கே குவித்தோ இடலாம் என்று விதித்தனர். கோடே வரையாமல் கறுப்பர் ஒருவர் மாவட்டக் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; வேட்பாளர் அனைவருள்ளும் மிகுதியான வாக்குகள் பெற்றவர் அவரே. இனத்தையே தலைமையான காரணமாகக் கொண்டு வரையும் கோடு, நன்னோக்குடையதாயினும் ஐயத்திற்குரியது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் கூறியபின், கோடில்லா இம்முறைகளுக்கு மதிப்புக் கூடிற்று.

இனிக் கலீரா நகரத்தை நோக்குவோம். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்படி, அலபாமா முதலிய மாநிலங்களில் தேர்தல் முறையையோ எல்லையையோ மாற்றுமுன் கூட்டாட்சி அரசின் இசைவு பெறவேண்டும். கோடு வரைந்தபின் அதனைத் துடைக்கப் போராடுவதன்று, வரையுமுன்னரே காட்டி ஒப்புதல் பெறுவது என்பதே இப்பிரிவின் சிறப்பு. கலீரா, ஷெல்பி மாவட்டத்தில் விரைந்து வளர்ந்த ஊர். பல புதுக்குடியிருப்புகளை நகருடன் சேர்த்துக்கொண்டு, வட்டங்களையும் மாற்றி வரைந்தனர். நகர மன்றத்தின் ஒரே கறுப்பு உறுப்பினரின் வட்டத்தில் கறுப்பு வாக்காளர் நூற்றுக்கு ஏறத்தாழ 70 என்ற நிலையினின்று 30 ஆகக் குறைந்தனர். 2008-இல் நீதித்துறை மறுப்புத் தெரிவித்தும் நகரம் தேர்தலை நடத்திற்று. அவ்வுறுப்பினர் மிகச் சில வாக்குகளில் தோற்றார். அம்முடிவு நடைமுறைக்கு வாராமல் நிறுத்தப்பட்டது. பின்னர் வட்டங்களே இன்றி, நகர மக்கள் அனைவரும் வாக்களித்து மிகுதி பெற்ற அறுவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் 2009-இல் மறுதேர்தல் நடந்தது, தோற்றவர் வென்றார். மொபீலில் அடைத்த கதவைக் கலீராவில் திறந்ததும் நகர்முழுத் தேர்தலே என்பது எண்ணத்தக்கது. ஆனால் மொபீலில் ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டியிருந்தது. கலீராவில் அவ்விதி இல்லை. முறையின் பெயரை மட்டும் கொண்டு நன்று தீது கூறுவோர் இவ்வேறுபாட்டைக் காணாதவர்.

கலீராவின் இவ்வழக்கே ஐந்தாம் பிரிவின் விதியையும் தீர்மானித்தது. ஷெல்பி மாவட்டம் அப்பிரிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2013 ஜூன் 25-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, எம்மாநிலங்கள் முன்னிசைவு பெற வேண்டும் என்று வகுக்கும் நான்காம் பிரிவின் விதியைச் செல்லாததாக்கிற்று. பழைய நிலைமை மாறிவிட்டது, நாற்பதாண்டுக்கு முந்திய கணக்கைக் கொண்டு இன்று ஒரு மாநிலத்தைத் தனித்து நடத்தலாகாது என்பது பெரும்பான்மையினர் கூற்று. மாறியதற்குக் காரணமே அப்பிரிவுதான் என்பது நால்வர் கூற்று. நான்காம் பிரிவின் விதி வீழவே, ஐந்தாம் பிரிவு ஏட்டில் இருந்தும் செயலற்றதாயிற்று. அதன்பின் அலபாமாவின் நகரங்கள் தம் எல்லையையோ வட்டத்தையோ மாற்றிவிட்டு எவர்க்கும் முன்னறிவிக்கத் தேவையில்லாமற் போயிற்று. மாற்றத்தால் பாதிக்கப்பட்டோர், 1957-இல் டஸ்கீகியார் செய்ததுபோல, கோடு வரையப்பட்ட பின்னரே நிலப்படத்துடன் நீதிமன்றம் செல்ல வேண்டியவராயினர்.